ஜன்னலை மறைத்த கிளை

கொண்டைக்குருவி கூடு கட்டும் இடத்தைப் பார்த்தால், இதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லையா என்றுதான் முதலில் தோன்றும். மர உச்சிக்குப் போகாது. பொந்து தேடாது. ஆள் நடமாடும் இடத்திலேயே, இடுப்பளவு அல்லது நெஞ்சளவு உயரத்தில், ஒரு புதருக்குள் சின்னதாக ஒரு கிண்ணம் பின்னிவைக்கும். மெல்லிய குச்சி, வேர், புல் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டியிருக்கும். மரப்பட்டை உரி, காகிதத் துண்டு, சில சமயம் பிளாஸ்டிக் பையின் கிழிசல்கூட வெளிப்பக்கம் செருகியிருக்கும். அந்தக் கூட்டுக்குக் கூரை கிடையாது. கூரையாகவும் சுவராகவும் இருப்பவை சுற்றியுள்ள இலைகள்தான். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்தே தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அந்த இலைகளை வெட்டினேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளி திருப்புலி நாட்டில் இருக்கிறது. கொல்லிமலையின் 14 நாடுகளில் அதுவும் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டிய மலை. தினமும் ஏறி இறங்கிக் கட்டுப்படியாகாது என்று மேலேயே ஒரு வீட்டுக்குக் குடிவந்தேன். வீட்டுக்காரரை ஊரே ‘ஆயா’ என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடப் பழகினேன். ஆயாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏற்றிய மிளகுக் கொடிகள், ஓரத்தில் மலைவாழை, பலா. கீழே சரிவில் மரவள்ளி. ஒரு காலத்தில் அந்தச் சரிவு முழுக்கச் சாமையும் தினையும்தான் என்று ஆயா சொல்வார். கதிர் முற்றும் பருவத்தில் குருவி விரட்டப் பரண் போட்டு உட்கார்ந்திருந்த கதையெல்லாம் அவரிடம் உண்டு.

ஆயா இருக்கும் பழைய வீட்டில் ஜன்னல் கிடையாது. மலைக்காற்றுக்கும் குளிருக்கும் அதுதான் சரி. எனக்கு வாடகைக்குத் தந்தது அவர் மகன் கட்டிய கான்கிரீட் வீடு. அதில் மேற்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் காப்பிச்செடி தட்டுப்படும். அந்த ஜன்னலுக்காகத்தான் வீட்டை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பறவை பார்க்கும் பழக்கம் எனக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பால் வந்தது. 2015இல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில், தைப் பொங்கலை ஒட்டிய நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பலரும் தங்கள் ஊர்ப் பறவைகளைக் குறைந்தது 15 நிமிடமாவது நின்று பார்த்துப் பதிவு செய்கிறார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் நிறையப் பேர். நானும் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினேன். எனக்குப் பெயர்கள் தெரியும், பிள்ளைகளுக்குப் பறவைகள் தெரியும். எந்தச் சத்தம் எந்தப் புதரிலிருந்து வருகிறது, எது எப்போது தண்ணீருக்கு வரும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். ஓர் ஆசிரியைக்கு இதைவிட நல்ல வகுப்பு வாய்க்காது.

அந்த ஆண்டு மாசி கழிந்து பங்குனி பிறந்த சமயம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், மற்றவர்கள் எல்லோரும் வெளியே போகும்வரை மேசையருகில் நின்றுகொண்டிருந்தான். அதிகம் பேசாத பையன். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “டீச்சர், உங்க ஜன்னலுக்கு வெளிய கொண்டைக்குருவி முட்ட வச்சிருக்குது.”

தினமும் அந்த ஜன்னலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் எனக்கு அது தெரியவில்லை. அன்று மாலை கம்பிக்கருகே நின்று தேடினேன். நான்காவது ஐந்தாவது முறை பார்த்த பிறகுதான் இலைகளுக்கு நடுவே ஒரு வால் தெரிந்தது. பிறகு கன்னத்தில் அந்தச் சிவப்பு. எங்கள் மலையில் சாதாரணமாகக் காணும் கொண்டைக்குருவிகளில், கன்னத்தில் சிவப்புப் பொட்டும் நெட்டுக்குத்தான கொண்டையும் உள்ள வகை அது. சிவப்பு மீசைச் சின்னான் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். தென்னிந்தியாவில் மார்கழி தொடங்கி வைகாசிவரை அவற்றின் இனப்பெருக்கம் மும்முரமாக நடக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சு வளர்க்கும்.

என்னால் அந்தச் சந்தோஷத்தை அடக்கிவைத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாளே வகுப்பில் சொன்னேன். மாலையில் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருவராக ஜன்னலருகே வரச் செய்து, சத்தம் போடாமல் பார்க்கச் சொல்லி, கை நீட்டிக் காட்டினேன். முற்றத்தில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

“கூட்டக் கை நீட்டிக் காட்டாதீங்க டீச்சரு. பிஞ்சக் காட்டினா வெம்பிப் போயிரும்பாங்க, இல்ல? கூடும் அப்படித்தான். மனுசக் கண்ணு அதுமேல படக் கூடாது. கை பட்டுச்சுன்னா தாய் சேத்துக்காது.”

எதிரே பிள்ளைகள் இருந்ததால் அதையே பாடமாக்கினேன். மனிதக் கையின் வாசனைக்காகப் பெரும்பாலான பறவைகள் கூட்டைக் கைவிடுவதில்லை, கீழே விழுந்த குஞ்சை எடுத்துத் திரும்பக் கூட்டில் வைத்தாலும் தாய் வரும் என்று விளக்கினேன். நான் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆயா மறுத்துப் பேசவில்லை. சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூட்டிடம் போகாதே என்பதைத்தான் அவர் சொன்னார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. அவர் சொன்ன காரணத்தைத் திருத்திய திருப்தியில் இருந்தேன்.

பார்க்கவோ சரியாக முடியவில்லை. ஜன்னலுக்கும் கூட்டுக்கும் குறுக்கே ஒரு கிளை, நிறைய இலைகளோடு. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு வால்கூடத் தெரியாது. முட்டை பொரிவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மலைக்கு வெளியே அதிகம் போகாத பிள்ளைகள், தங்கள் தோட்டத்திலேயே ஓர் உயிர் பிறப்பதைப் பார்க்கட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். நான் இருந்த பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் நல்ல நல்ல படங்களாகப் போடுவார்கள். என் போனில் இருந்ததெல்லாம் இலைக்கு நடுவே மங்கலாக ஒரு வால்.

காப்பி அறுவடை முடிந்து கவாத்து நடக்கிற பருவம் அது. ஆயாவின் கவாத்துக் கத்தரி திண்ணையிலேயே கிடந்தது. ஒரு நாள் காலையில், இரண்டு பறவைகளும் வெளியே போன நேரம் பார்த்து, ஜன்னலுக்கு நேரே இருந்த அந்தக் கிளையை நறுக்கினேன். பிறகு இடைஞ்சலாக இருந்த இரண்டு மூன்று கொப்புகளையும் எடுத்தேன். தோட்டத்தில் எல்லாச் செடிக்கும் கவாத்து நடக்கிறது, இந்தச் செடிக்கும் நடந்தால் என்ன என்றுதான் தோன்றியது. உள்ளே வந்து ஜன்னலில் நின்றபோது கூடு முழுதாகத் தெரிந்தது. மங்கலான இளஞ்சிவப்பில் செம்பழுப்புப் புள்ளி தெளித்த மூன்று முட்டைகள். அவ்வளவு அழகாக இருந்தன.

பறவை திரும்பி வந்தது. மிளகுக் கொடியில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. மறுபடியும் போனது. வெகுநேரம் கழித்துக் கூட்டில் இறங்கி உட்கார்ந்தது. எனக்கு நிம்மதியாயிற்று. நோட்டில், “கிளை போனதைப் பறவை பொருட்படுத்தவில்லை. பழகிவிட்டது” என்று எழுதினேன்.

அடைகாத்த நாட்கள் கூடக் கூட, ஒரு பறவை தன் முட்டைகளை விட்டுப் போவது அரிதாகும் என்பதைப் பின்னர்தான் படித்தேன். அது பழகியதால் வரவில்லை. வேறு வழியில்லாமல் வந்தது.

முட்டைகள் பொரிந்தன. சின்னான் ஏறக்குறைய 12 நாட்கள் அடைகாக்கும். இறகில்லாமல், கண் திறக்காமல், தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத மூன்று உயிர்கள். ஆனால் தாயோ தந்தையோ கூட்டின் விளிம்பில் வந்து இறங்கும் அதிர்வு பட்டதும் மூன்று வாய்களும் திறக்கும். பிள்ளைகள் நோட்டில் குறித்தார்கள்: பச்சைப் புழு, மறுபடியும் புழு, தத்துக்கிளி. பழம் தின்னும் பறவைதானே, குஞ்சுக்கு ஏன் புழு என்று ஒரு சிறுமி கேட்டாள். குஞ்சு வளரச் சத்து வேண்டும், பழத்தில் அது போதாது என்று சொன்னேன். எச்சத்தை வெள்ளைப் பொட்டலமாகத் தாய் அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடுவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த நாட்கள் நன்றாக இருந்தன என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

அந்த வாரத்தில்தான் அந்தப் படத்தை எடுத்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேற்கு வெயில் ஜன்னல் பக்கம் முழுதும் அடித்தது. தாய்ப்பறவை கூட்டின் விளிம்பில் நின்று, இரண்டு சிறகுகளையும் பாதி விரித்துக் குஞ்சுகளின்மேல் பிடித்துக்கொண்டிருந்தது. அலகு சற்றே திறந்திருந்தது. ஒளி அருமையாக விழுந்தது. ‘தாய்மை’ என்று தலைப்பிட்டுக் குழுவில் போட்டேன். நான் போட்ட எந்தப் படத்துக்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை. பின்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது கொண்டைக்குருவிகளின் சத்தம் கேட்டது. வழக்கமான கூப்பிடல் இல்லை. தொண்டை கிழியும் அவசரம். கையில் ஈரத்தோடு வீட்டைச் சுற்றி ஓடினேன். ஜன்னலுக்கு இடப்பக்கம், வீட்டு மூலையை ஒட்டிய சில்வர் ஓக்கிலிருந்து ஒரு வால்காக்கை காப்பிச்செடிக்கு இறங்கியிருந்தது. கரிய தலை, செம்பழுப்பு உடம்பு, நீண்ட வால். அதையும் நான் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டியிருக்கிறேன். புத்திசாலிப் பறவை, எதையும் தின்னும் என்று சொல்லியிருக்கிறேன். கையைத் தட்டினேன். கத்தினேன். அது அவசரப்படாமல் எழுந்து போனது. அலகில் ஒரு குஞ்சு. சின்னான்கள் இரண்டும் அதைத் தோட்டத்தின் மறுகோடிவரை துரத்திக்கொண்டு போயின.

மீதி இரண்டு குஞ்சுகள் கூட்டில் இருந்தன. ஜன்னலில் ஒரு துணியைக் கட்டினேன். வெட்டிப்போட்ட கிளைகள் எப்போதோ காய்ந்திருந்தன. வேறு தழை ஒடித்து வந்து செருகிப் பார்த்தேன். நான் அருகே போகப் போகத் தாய்ப்பறவை இன்னும் பலமாகக் கத்தியது. இருட்டும்வரை வெளியிலேயே நின்றேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது கூடு காலி. கூடு கலையவில்லை. ஒரு குச்சிகூட நகரவில்லை.

அன்று காலை என்ன நினைத்து அந்தச் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனேன் என்று தெரியவில்லை. அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். என் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் காப்பிச்செடி. செடியின் மற்றப் பக்கங்களில் இலைகள் அடர்த்தியாக இருந்தன, அவற்றுக்குள் எதுவும் புலப்படவில்லை. இந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு திறப்பு. அதன் ஓரங்களில் கத்தரி பட்ட கொப்புகளின் முனைகள் பழுப்பேறி, ஒரே சாய்வில் வெட்டுப்பட்டிருந்தன. திறப்பின் நடுவே கூடு. நான் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. தேட வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் அதே கூட்டைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கைந்து முறை பார்க்க வேண்டியிருந்தது நினைவுக்கு வந்தது. நான் எனக்காக ஒரு வழி திறந்திருந்தேன். அந்த வழியில் வேறு யார் பார்ப்பார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

உள்ளே வந்து போனைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். தாய் சிறகு விரித்திருந்தது வெயிலை மறைக்க. அலகைத் திறந்திருந்தது மூச்சிரைப்பில். என் கத்தரி படுவதற்கு முன் அந்த வேலையை இலைகள் செய்துகொண்டிருந்தன. நான் அவற்றை எடுத்ததும் அதைப் பறவை செய்ய வேண்டிவந்தது. இரைதேடப் போகவேண்டிய நேரத்தில் அது அங்கே குடைபிடித்து நின்றிருக்கிறது. நான் அதை அழகு என்று எண்ணிப் படம் எடுத்திருக்கிறேன்.

கிளையை வெட்டாமல் விட்டிருந்தாலும் வால்காக்கை கண்டுபிடித்திருக்கலாம். திறந்த கூடு கட்டும் சிறு பறவைகளின் கூடுகள் நிறையவே இப்படிப் போகின்றன. பாம்பு உண்டு, செம்போத்து உண்டு, குரங்கு உண்டு. இதைச் சொல்லி என்னைத் தேற்ற வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வெயில் படம் என்னிடம் இருக்கிறதே.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வால்காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மட்டும் சொன்னால் அதுவும் உண்மைதான். அப்போது பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நினைவு வந்தது. சிறுவனாக இருந்தபோது, கூட்டுக்குக் காவலிருந்த ஆண் சிட்டுக்குருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டதையும், பெண்குருவி ஒவ்வொரு முறையும் புதிய துணை தேடியதையும் அவர் குறித்துவைத்திருந்தார். 1985இல் வந்த தன் வரலாற்று நூலில் அந்தக் குறிப்பை அவர் மறைக்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதரால் முடிந்ததென்றால் என்னாலும் முடிய வேண்டும். கிளையை நான் வெட்டியதால் கூடு வெளியே தெரிந்தது, அதனால் வால்காக்கைக்குச் சுலபமாகிவிட்டது என்று வகுப்பில் சொன்னேன்.

யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: “அதுக்குத்தான் டீச்சர் நான் யாருகிட்டயும் சொல்லல.”

என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் என்னிடம் வேறெந்தப் பறவையைப் பற்றியும் சொல்லவில்லை. கேட்டால் “பாக்கல டீச்சர்” என்பான். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, பார்க்காமலா இருந்திருப்பான்? குஞ்சுகளை நினைத்து வருந்தியதைவிட இதற்காக நான் அதிகம் வருந்தினேன். அதைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கோடை விடுமுறையில் நிறையப் படித்தேன். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதை மட்டுமல்ல, முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று பல இயற்கைப் புகைப்படப் போட்டிகள் விதியே வைத்திருக்கின்றன. காரணம், படத்துக்காகக் கிளை ஒதுக்குகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

மனதில் தங்கியது சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடிச் செய்தி. 2020இல் அந்த ஊரின் தெருவிளக்குகளுக்கான சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு கருஞ்சிட்டு கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைப் போட்டால் கூட்டுக்கு ஆபத்து. ஊர் கூடிப் பேசி, குஞ்சு பறக்கும்வரை விளக்குப் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் தெரு இருட்டாகக் கிடந்தது. இருட்டில் விழுந்துவிடுவோம், பாம்பு கடிக்கும் என்று சொல்ல அவர்களுக்கு நியாயம் இருந்தது. அதே மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்தது வெளிச்சத்தை, பண்டிகையை. நான் விட வேண்டியிருந்தது ஒரு கிளையைத்தான்.

பிறகு வந்த பங்குனியில் ஆயாவிடம் போய், ஜன்னல் பக்கத்துச் செடிகளுக்கு இப்போது கவாத்து வேண்டாம் என்று கேட்டேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. “அது கெடக்கட்டும், சித்திர போவட்டும்” என்று வேலைக்கு வந்தவர்களிடம் சொல்லிவிட்டார். அந்தச் செடிகளில் கூடு இருந்ததா என்று நாங்கள் தேடவில்லை. கூட்டம் கூட்டமாக ஜன்னலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டோம். பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் எழுதுகிறோம்: எந்தப் பக்கமிருந்து புழுவோடு பறக்கிறது, எத்தனை மணிக்கு, திரும்பும்போது அலகில் என்ன. வைகாசியில் வேலியோரம் சின்னான் குடும்பம் ஒன்று வந்தது. “இந்த ரெண்டுக்குக் கன்னத்துல செவப்பு இல்ல, அப்ப இது குஞ்சு” என்று ஒரு சிறுமி சரியாகச் சொன்னாள். எந்தக் கூட்டுக் குஞ்சு என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. ஆசிரியர்கள் கூடும் இடங்களில் பறவைகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் அதைக் கொண்டுபோய்த் திரையில் காட்டுகிறேன். பார்த்ததும் எல்லோரும் அழகு என்கிறார்கள். அலகு ஏன் திறந்திருக்கிறது என்று கேட்பேன். பசி என்பார்கள், பாட்டு என்பார்கள், குஞ்சைக் கூப்பிடுகிறது என்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர், வெயில் தாங்காமல் இரைக்கிறதோ என்று சந்தேகமாகக் கேட்பார். ஆமாம் என்பேன். பிறகு, அந்த வெயில் அங்கே எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்குவேன்.